ஒழுங்கைப் படக்காட்சி: பாவித்த மெசின், பக்கத்து மதில், சோளகக் காற்று

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் படம் காட்டினோம். முதல் 20 நிமிடம் பிள்ளைகள் போனில் செய்த அசைபடங்கள். அவை கூரை போன ஒரு பழைய கல்வீட்டுச் சுவரில். அதன்பிறகு ஒரு மணித்தியாலம் குறும்படங்கள். அவை எதிர்வளவு மதிலில். கதிரையிலும் பாயிலும் இருந்தவர்கள், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரையும் சேர்த்தால் 70 பேர் வரும். இதற்கு ஆறு கிழமை வேலை செய்தோம். அதில் நாலு கிழமையை நான் படத்தின் வெளிச்சத்துக்குப் பின்னால் ஓடியே தொலைத்துவிட்டேன். சத்தத்துக்கும் கரண்டுக்கும் மிச்ச இரண்டு கிழமைதான் கிடைத்தது. மறுவளமாகச் செய்திருக்க வேண்டும். வேறு யாராவது தங்கள் ஒழுங்கையில் இப்படி ஒன்றைத் தொடங்கினால் உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நல்ல படம் பார்க்க வழியில்லை என்று சொல்ல முடியாது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது. பொது நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தடியில் எழும்பி நிற்கும் கலாசார மையத்தின் அரங்கில் 600 பேர் இருக்கலாம். எங்கள் ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் 10 நிமிடம்தான். ஆனால் எங்கள் சனம் போவதில்லை. "அது படிச்ச ஆக்கள் போற இடம் தம்பி" என்பார் எதிர்வீட்டு மாமி. இதே மாமிதான் ஒருகாலத்தில் வெலிங்டன், வின்ஸர், ரீகல், மனோகரா என்று ஒரு தியேட்டர் விடாமல் வரிசையில் நின்றவர். சரி, சனம் அங்கே போகாவிட்டால் படம் இங்கே வரட்டும் என்று நினைத்தேன்.

நினைப்பு வந்தது 2022இல். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது, பெரியவர்கள் படியில் இருந்து பழைய கதை சொல்லத் தொடங்கினார்கள். 1990இல் குடாநாட்டில் கரண்ட் நின்ற பிறகு வருடக்கணக்காக இருட்டு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். ஜெனரேற்றர், ரிவி, டெக் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து விடிய விடியப் படம் பார்த்தார்கள். மூலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐயா அந்தக் காலத்தில் அப்படி ஜெனரேற்றர் கொண்டு திரிந்தவர். பெற்றோலைச் சில சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம். இந்த ஐயா பிறகும் வருவார்.

மெசின்

புரொஜெக்டரை நகரில் ஒரு கடையில் பாவித்ததாகத்தான் வாங்கினேன். வெளிச்சம் 3000 லுமென் என்று முதுகில் எழுதியிருந்தது. மெனுவைத் திறந்தால் பல்ப் 180 மணித்தியாலம்தான் எரிந்திருப்பதாகக் காட்டியது. நம்பிவிட்டேன். அந்தக் கணக்கை ரிமோட்டிலேயே பூச்சியமாக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. புதுப் பல்ப் மாட்டியவர்களுக்காக வைத்த வசதி அது. பழைய பல்ப்பை விற்பவர்களுக்கும் கைகொடுக்கிறது. வாங்கும்போது மெனுவை விட்டுவிட்டு, கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். எனக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால் அடுத்த மூன்று பந்தியை எழுத வேண்டி வந்திராது.

வீட்டில் போட்டால் சரியாக 18ஆவது நிமிடத்தில் சிவப்பு லைற் மின்னி மெசின் நின்றது. ஆறவிட்டுப் போட்டால் 15இல் நின்றது. சூடுதான் காரணம். திருகாணிகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினால், காற்று வடிக்கும் பஞ்சையே யாரோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். விசிறி இதழ்களில் தூசி கம்பளி மாதிரிப் படிந்து கிடந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை. ஒன்று உடைந்து சர்க்கிட் பலகையில் ஒட்டியிருந்தது. பெயின்ற் தூரிகையாலும் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பாலும் துப்புரவாக்கினேன். விசிறியைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். கரகரவென்று இரண்டு சுற்று சுற்றி நின்றது. தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதில் இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் பழைய கரகரப்பு.

புது விசிறி போடுவோம் என்று ஸ்ரான்லி வீதியில் தேடி, அளவும் 12 வோல்ற்றும் பொருந்தும் ஒன்றை வாங்கி மாட்டினேன். மெசின் எழும்பவே இல்லை. ஒரு நாள் முழுக்க எதையோ எரித்துவிட்டேன் என்று பயந்துகொண்டிருந்தேன். பிறகு பழைய விசிறியைத் திருப்பிப் பார்த்தால் அதில் மூன்று வயர். நான் போட்டதில் இரண்டு. மூன்றாவது வயர்தான் விசிறி சுழல்கிறதா, எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று மெசினுக்குச் சொல்வது. அந்தச் செய்தி வராவிட்டால் பல்ப்பைக் காப்பாற்ற மெசின் எழும்ப மறுக்கும். பழுதான ஒரு கணினியிலிருந்து மூன்று வயர் விசிறியைக் கழற்றிப் போட்டதும் முதல் முயற்சியிலேயே எழும்பியது. காற்று வடிக்கும் பஞ்சுக்குப் பதிலாக மீன்தொட்டிப் பஞ்சை மெல்லிதாக வெட்டி வைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் நிற்காமல் ஓடியது.

திருத்த முடியாதது ஒன்று மிஞ்சியது. படத்தில் ஆங்காங்கே ஒன்பது வெள்ளைப் புள்ளி. இந்த வகை மெசினுக்குள் நகத்தளவு சில்லு ஒன்றில் இலட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் இருக்கும். அவற்றில் சில அசையாமல் இறுகிவிட்டால் அந்த இடம் எப்போதும் வெளிச்சமாகவே நிற்கும். துடைத்துப் பயனில்லை. சில்லையே மாற்ற வேண்டும். மாற்றும் காசுக்கு இன்னொரு மெசின் வாங்கலாம். அப்படியே விட்டேன். பிள்ளைகள் அவற்றை நட்சத்திரம் என்றார்கள்.

பல்ப் பற்றி இரண்டு விடயம். உள்ளே பாதரசம் இருக்கிறது. வெடித்தால் யன்னலைத் திறந்துவிட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள். உடனே கூட்ட வேண்டாம். மற்றது, படம் முடிந்ததும் பிளக்கை இழுக்கக் கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு நிமிடம் விசிறி ஓடிப் பல்ப்பை ஆற்றும். நடுவில் கரண்ட் போனால் அந்த ஆற்றுதல் இல்லாமல் போய்ப் பல்ப்பின் ஆயுள் குறையும். எங்கள் ஊரில் இதற்கு யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது.

திரை

முதலில் இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்தோம். மாமிதான் தைத்துத் தந்தார். வடிவாக இருந்தது, காற்று வரும்வரை. ஆனியில் சோளகம் எப்படி அடிக்கும் என்று இங்கே பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளுவைக் கதியாலில் கட்டிய திரை பாய்மரம் மாதிரி ஊதி, கதியால் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. படத்திலே நின்ற ஆளின் முகம் குடமாகி, தட்டையாகி, திரும்பக் குடமானது. அடுத்து ஒரு பழைய பிளெக்ஸ் பனரின் பின்பக்கத்தைக் கட்டினோம். காற்றுக்கு நின்றது. ஆனால் அதன் மினுக்கத்தில் நடுவில் இருந்தவருக்குக் கண் கூசியது. கரையில் இருந்தவருக்குப் படம் மங்கியது.

மதில் யோசனை மாமியுடையது. "உந்த மதிலுக்கு ஒருக்கா வெள்ளை அடிச்சால் என்ன?" எதிர்வளவுக்காரரிடம் கேட்டோம், அவருக்கும் இலவசமாக மதிலுக்குப் பெயின்ற் கிடைப்பதில் மறுப்பில்லை. பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, மினுக்கமில்லாத வெள்ளை இமல்ஷன் இரண்டு பூச்சு பூசினோம். 4 லீற்றர் வாளியில் பாதிக்கு மேல் மிஞ்சியது. படம் விழும் சதுரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புக் கரை அடித்தோம். இதற்கு அரை நாள்தான் போனது. ஆனால் இந்த முழு வேலையிலும் செய்த நேரத்துக்கு அதிகம் பலன் தந்தது அதுதான். கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. கோணலாக விழும் ஓரங்களையும் கறுப்பு விழுங்கிவிடுகிறது.

இனி கணக்கு. என் மெசினுக்குப் படத்தின் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். 4 மீற்றர் அகலத்துக்கு 8 மீற்றர் பின்னால் வைத்தேன். அது பழைய 4:3 மெசின் என்பதால் வெளிச்சம் விழும் பரப்பு 4க்கு 3 மீற்றர், அதாவது 12 சதுர மீற்றர். அகலப் படத்தில் மேலும் கீழும் கறுப்புப் பட்டிக்கே கால்வாசி வெளிச்சம் போய்விடும். 3000 லுமெனை 12ஆல் பிரித்தால் 250 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீற்றரில் விழும் வெளிச்சம். பல்ப் பழசு, பாதிதான் என்று வைத்தால் 125. தியேட்டர் திரைக்குச் சொல்லப்படும் அளவோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம்தான் குறைவு. இருட்டில் தாராளமாகக் காணும்.

இருட்டில் என்றேன் அல்லவா, அங்கேதான் சிக்கல். நாங்கள் குறித்த சனி பறுவத்துக்கு முதல்நாள். நிலா வெளிச்சத்தில் படம் தெரியாது என்று பெடியள் சண்டைக்கு வந்தார்கள். முழு நிலவு தருவது கால் லக்ஸ் மட்டில்தான். 125க்கு முன்னால் அது கணக்கிலேயே இல்லை. உண்மையான எதிரி ஒழுங்கை முகப்பில் நின்ற எல்ஈடி தெருவிளக்கு. போனில் ஒரு வெளிச்சமானி இறக்கி மதிலில் பிடித்தால் 14 லக்ஸ். அதாவது படத்தில் வெள்ளை 125 என்றால் கறுப்பு 14. இரவுக் காட்சி எல்லாம் சாம்பல் பூசணிக்காய். கம்பத்தில் ஏறிச் சாக்கைக் கட்டுவோம் என்று ஒருவன் புறப்பட்டான்; பிடித்து நிறுத்தினோம். கரண்ட் கம்பத்தில் யாரும் ஏறவேண்டாம். விளக்குக்கும் மதிலுக்கும் நடுவில் மாமரக் கொப்பில் ஒரு கறுப்புத் தறப்பாளைத் தொங்கவிட்டோம். மதிலில் 2 லக்ஸாக இறங்கியது.

ஆனியில் இங்கே பொழுதுபடுவது 6.30 அளவில். கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் 7 மணிக்கு முன் படத்தில் நிறம் எழும்பாது. நாங்கள் 7.15க்கு வைத்தோம். முடிவு நேரத்தையும் முதலே எண்ணிக்கொள்ளுங்கள்: இரவு 10க்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. ஒலிபெருக்கிக்குப் பொலிசில் எழுதிக் கொடுத்தோம், கிராம சேவையாளருக்குச் சொன்னோம், பக்கத்துக் கோயிலில் அன்று திருவிழாவா என்று கேட்டோம். பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சபையின் சான்றிதழ் என்றும் ஒன்று இருக்கிறது. அதை விசாரிக்க மறக்கவேண்டாம். படத்தின் உரிமைக்கு, இங்கே குறும்படம் எடுக்கும் பெடியளிடம் நேரே அனுமதி வாங்கினோம். சின்னப் பிள்ளைகளுக்கு 2008இல் வந்த 'பிக் பக் பன்னி'. எவரும் எங்கும் காட்டலாம், எடுத்தவரின் பெயரைச் சொன்னால் போதும் என்ற உரிமத்தோடு வெளிவிட்டது அது. 10 நிமிடம், பேச்சே இல்லாததால் சப்டைட்டிலும் தேவையில்லை.

சப்டைட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு குறும்படத்தின் தமிழ் சப்டைட்டில் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தது. எங்கள் ஊரில் இது ஏன் என்று ஊகிக்கலாம்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். பாமினி கணினிக்குத் தமிழ் இல்லை, தமிழ் உருவம் போட்ட ஆங்கிலம். யுனிகோடுக்கு மாற்றி, யூரிஎப்-8 என்று சேமித்து, படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சியில் எழுத்துருவை நோட்டோ தமிழுக்கு மாற்றியதும் சரிவந்தது. பழைய வி.எல்.சி என்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புதியதைப் போடுங்கள்.

சத்தம்

பரீட்சார்த்தமாக ஒரு காட்சி வைத்தோம், உண்மைக் காட்சிக்கு இரண்டு கிழமை முன்னால். 20 பேர் வந்தார்கள். மதில் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. 40 நிமிடத்தில் திரும்பிப் பார்த்தால் 6 பேர். மாமி எழும்பிப் போகும்போது சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "படம் வடிவாத்தான் கிடக்கு தம்பி. ஆனா ஊமைப்படமே போட்டனி?"

அன்று வைத்தது ஒரு புளூடூத் ஸ்பீக்கர். முதலாவது குறை, சத்தம் பிந்தி வந்தது. வாய் மூடிய பிறகு வசனம் கேட்டது. புளூடூத்தில் ஒரு நொடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பிந்துவது வழமை. வி.எல்.சியில் 'ஜே', 'கே' பொத்தான்களால் 50 மில்லிநொடி படியாகச் சத்தத்தை முன்னே பின்னே நகர்த்தலாம். அதைவிட வயர் போடுவது நல்லது. இரண்டாவது குறை, படத்தின் சத்தம் ஐந்து ஸ்பீக்கருக்கென்று பிரித்துச் செய்யப்பட்டிருந்தது. பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கரில். எங்களிடம் நடு ஸ்பீக்கர் ஏது? பாட்டும் இடியும் கேட்டன, பேச்சு எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. ஒலி அமைப்பில் மோனோ என்று போட்டதும் எல்லாம் ஒன்றாகக் கலந்து பேச்சு வெளியே வந்தது. சனம் ஒழுங்கை முழுக்கச் சிதறி இருக்கும்போது இடது வலது என்று பிரித்து யாருக்குப் பலன்? அதே இடத்தில் கொம்பிரெஸர் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் கிசுகிசுப்பு மேலே வரும், இடி கீழே போகும். திறந்த வெளிக்கு இது கட்டாயம்.

பிறகு சனசமூக நிலையத்திலிருந்து 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு இரவல் வாங்கினோம். மதிலடியில் மேசையில் வைத்தால் முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள், பின்வரிசையில் "சத்தம் காணாது" என்கிறார்கள். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபெல் விழும். ஸ்பீக்கரிலிருந்து 2 மீற்றரில் இருப்பவருக்கும் 16 மீற்றரில் இருப்பவருக்கும் இடையில் மூன்று இரட்டிப்பு, 18 டெசிபெல். சத்தத்தைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. ஸ்பீக்கர்களைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். எண்ணெய்ப் பீப்பாவுக்கு மேல் மேசை, மேசைக்கு மேல் ஸ்பீக்கர், கயிற்றால் நாலு பக்கமும் கட்டிக் கொஞ்சம் பின்வரிசையைப் பார்க்கச் சரித்தோம். முன்வரிசைக்கும் தூரம் கூடியதால் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. முதல் பாயை 3 மீற்றர் பின்னுக்குத் தள்ளினோம்.

கடைசியாக ஒரு ம்ம்ம் என்ற இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது, கொழுவினால் வந்தது. கணினி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் வேறு வீட்டுப் பிளக்கிலும் இருந்ததால் இரண்டு எர்த்துக்கும் இடையில் சத்த வயர் வழியாகச் சுற்று உண்டாகி, 50 ஹேர்ட்ஸ் கரண்டே இரைந்தது. பிளக்கின் எர்த் காலை முறித்துவிடு என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள்; பனி விழும் இரவு, ஈரப் புல், இரும்பு மேசை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்ரென்ஷனுக்குக் கொண்டுவந்ததும் இரைச்சல் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்குப் படம் ஓடும்போது கணினியைப் பற்றரியில் விட்டோம்.

கரண்ட்

யூபிஎஸ் சாதாரணக் கணினி யூபிஎஸ்தான், 650 விஏ. உள்ளே 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி. பழைய பற்றரியில் புரொஜெக்டரை 40 செக்கன்தான் பிடித்தது. புதியது போட்டதும் 7 நிமிடம். ஜெனரேற்றரை இழுத்து ஸ்டார்ட் பண்ண இது காணும். 2 கேவிஏ பெற்றோல் ஜெனரேற்றர் ஒன்றைக் கூடாரக்காரர் தந்தார். இரைச்சல் கேட்காமலிருக்க அடுத்த வளவு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைத்தோம்.

ஒத்திகையில் ஜெனரேற்றர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, யூபிஎஸ் மட்டும் கீக் கீக் என்று கத்திக்கொண்டே பற்றரியில் ஓடுகிறது. ஏழு நிமிடத்தில் எல்லாம் நின்றது. மூன்று முறை இதே கூத்து. யூபிஎஸ் பழுது என்று நான் முடிவு கட்டிய நேரம் சைக்கிள் கடை ஐயா சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் கேட்டார். "ஓட்டம் கூடத் தம்பி. வேலையில்லாத மாடு மாதிரித் துள்ளுது. பாரத்தைக் குடு."

மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தேன்: 53.4 ஹேர்ட்ஸ், 246 வோல்ற். இந்தச் சின்ன ஜெனரேற்றர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹேர்ட்ஸ். பாரம் குறைந்தால் அது வேகமாக ஓடும், வேகம் கூடினால் ஹேர்ட்ஸ் கூடும். எங்கள் யூபிஎஸ் அதைக் கெட்ட கரண்ட் என்று நினைத்து உள்ளே விடவில்லை. ஐயா இரண்டு 100 வாற் குண்டு பல்ப்பை மாட்டச் சொன்னார். 52க்கு இறங்கியது. பிறகு வேகத்தைப் பிடிக்கும் ஆணியை, மீற்றரைப் பாராமல் காதை மட்டும் வைத்து, கால் திருப்பு திருப்பினார். "இப்ப சரி" என்றார். மீற்றரில் 50.3. யூபிஎஸ் கத்தலை நிறுத்தியது. நான் மீற்றரை ஐயாவுக்குக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குண்டு பல்ப் இரண்டையும் தேத்தண்ணி மேசைக்கு மேலே தொங்கவிட்டோம், பாரத்துக்குப் பாரம், வெளிச்சத்துக்கு வெளிச்சம். மதிலில் விழாமல் ஒரு கடகத்தைக் கவிழ்த்து மறைத்தோம்.

பிள்ளைகளின் சுவர்

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் விரும்பிச் செய்தேன். ஒழுங்கை வளைவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் வீடு. கூரையும் கதவும் இல்லை. யன்னல் ஓட்டைகள் இரண்டு, வாசல் ஒன்று. சொந்தக்காரர் கனடாவில். வட்ஸ்அப்பில் கேட்டதும், "ஆணி அடிக்கவேண்டாம், பற்றை வெட்டினால் நல்லது" என்றார். இரண்டு நாள் பற்றை வெட்டினோம்.

ஒன்பது பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து 14 வரை. போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் அடிமட்டத்தோடு றப்பர் பாண்டால் கட்டி, கீழே பலகையில் பொருளை வைத்து, கொஞ்சம் நகர்த்திப் படம், கொஞ்சம் நகர்த்திப் படம். ஒரு செக்கனுக்கு 12 படம். 5 போட்டால் நொண்டும், 24 போட்டால் பிள்ளைகள் எழும்பி ஓடிவிடுவார்கள். எட்டுச் செக்கனுக்கு 96 முறை நகர்த்த வேண்டும். முதல் நாள் எடுத்தது முழுக்க மினுங்கியது: ஒவ்வொரு படத்துக்கும் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறது. திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டியதும் நின்றது. கதாநாயகன் ஓர் ஊமல், காய்ந்த பனங்கொட்டை. தும்பெல்லாம் தாடியாகத் தொங்க, கிணறு தேடிப் போகும் ஊமல் தாத்தா. எனக்கு இந்த யோசனை நூறு வருடத்திலும் வந்திராது.

சுவரில் படத்தைப் பொருத்த விலைகொடுத்து மென்பொருள் வாங்கவில்லை. லிப்ரே ஒபிஸில் ஒரு வெறுமையான கறுப்புப் பக்கத்தைச் சுவரில் விழுத்தி, ஒருவர் கணினியில் மவுஸோடு, இன்னொருவர் சுவரடியில் தடியோடு: "இன்னும் இடப்பக்கம்... காணும் காணும்... கொஞ்சம் இறக்கு." யன்னல் மூலைக்கு மூலை புள்ளி வைத்து உருவத்தை வரைந்தோம். அந்த உருவத்துக்குள் வீடியோவை வைத்து, மற்றதெல்லாம் கறுப்பு. யன்னல் வெறும் ஓட்டை என்பதை மறந்துபோனேன். வெளிச்சம் அதற்குள்ளால் போய் உள்ளறையின் பின்சுவரில் விழுந்தது. ஓட்டைக்கு ஒரு சாண் உள்ளே, காற்றில் கிழிந்த அந்த இரட்டை வேட்டியின் ஒரு பாதியைத் தொங்கவிட்டோம். ஊமல் தாத்தா யன்னலுக்குள்ளே நின்று எட்டிப் பார்த்தது போலவே ஆயிற்று. வேட்டி வீண்போகவில்லை என்று மாமிக்குச் சந்தோசம்.

காட்சிக்கு முதல்நாள் இரவு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. காலையில் வந்தால் தாத்தா யன்னல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு நிற்கிறார். புரொஜெக்டர் இருந்த ஸ்ரூலில் யாரோவின் ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள். ஸ்ரூல் இரண்டு விரல் நகர்ந்திருந்தது. அவ்வளவுக்கே சுவரில் ஒரு சாண். திரும்ப இரண்டு மணித்தியாலம். இந்த முறை ஸ்ரூல் கால்களைச் சுற்றிச் சோக்கால் கோடு கீறி, மேலே மணல் மூட்டை வைத்தோம்.

அந்த இரவு

7.15க்குத் தொடங்கியது. சுவரில் ஊமல் தாத்தா நடந்தபோது பிள்ளைகளின் கூச்சலில் ஸ்பீக்கரே தேவைப்படவில்லை. கனடாக்காரருக்கு ஒருவர் வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டு நின்றார். அவர் அங்கே விடியற்காலை எழும்பி நிற்காமல், வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தார். "அந்த வலப்பக்க யன்னல்தான் என்ரை மேசை இருந்த இடம்" என்று இரண்டு முறை சொன்னார்.

மதிலுக்கு மாறும்போது நுளம்புக்கு யாரோ வேப்பிலைப் புகை போட்டுவிட்டார். வெளிச்சக் கற்றையில் புகை சுருண்டு சுருண்டு போனது, பார்க்க வடிவு. மதிலில் படம் பால் கலந்தது போல வெளிறிவிட்டது. சட்டியைக் காற்றின் கீழ்ப்பக்கம் மாற்றினோம்.

8.05க்குக் கரண்ட் போனது. ஒழுங்கை முழுக்க ஒரே இருட்டு, மதிலில் படம் மட்டும். ஸ்பீக்கர் யூபிஎஸ்ஸில் இல்லாததால் வசனம் பாதியில் அறுந்தது. நான் ஓடுவதற்குள் கொட்டில் பக்கம் ஜெனரேற்றர் பிடித்துவிட்டது. ஐயா அங்கே கதிரை போட்டு இருந்திருக்கிறார். வயரை மாற்றிக் கொழுவ ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் ஒருவரும் எழும்பவில்லை. பின்வரிசைப் பெடியன் ஒருவன் நடிகருக்குத் தானே வசனம் பேசத் தொடங்கி, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த முறை ஸ்பீக்கரையும் யூபிஎஸ்ஸில் போட வேண்டும். இன்னொரு யூபிஎஸ் வேண்டும்.

முடிந்ததும் மாமியிடம் கேட்டேன், சத்தம் எப்படி என்று. "சத்தம் பரவாயில்லை. கதைதான் முடிவு விளங்கேல்லை" என்றார். அது நான் திருத்தக்கூடிய வேலையில்லை.

அடுத்த காட்சி நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு. நேற்று மதிலைப் பார்க்கப் போனேன். வெள்ளைச் சதுரத்தின் நடுவில் கரியால் மூன்று விக்கெட் கீறியிருக்கிறார்கள். சுற்றிவர ரப்பர் பந்தின் வட்ட அடையாளங்கள். வலது மூலையில் ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். நோட்டீஸை 31ஆம் நாள் காரியம் முடியும்வரை எடுக்க முடியாது. மிச்சம் வைத்த பெயின்ற் வாளியைத் திறந்தால் மேலே தோல் படர்ந்து, கீழே இன்னும் ஒரு மதிலுக்குக் காணும்போல இருக்கிறது.